அவர் இல்லாத கூட்டத்தில்

நான் ஆர்க்கிடெக்ட். சென்னையில் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், முப்பது படுக்கை மருத்துவமனை என்ற அளவில்தான் எங்களுக்கு வேலைகள் வரும். திறப்பு விழாக் கல்வெட்டில் வடிவமைப்பாளர் என்று என் நிறுவனத்தின் பெயரைப் பொறிப்பார்கள். மண்ணைச் சோதித்தவர் பெயர் அதில் வராது. தூணுக்கும் உத்தரத்துக்கும் கம்பிக் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பெயரும் வராது. மின்சாரம், குழாய், தீயணைப்பு வரைந்து கொடுத்தவர்களுக்கும் இதே கதைதான். இவர்களை எங்கள் தொழிலில் சப்-கன்சல்டன்ட் என்போம். கட்டடம் கட்டுகிறவர் என்னோடு மட்டும் ஒப்பந்தம் போடுவார். இவர்களை அமர்த்துவது என் பொறுப்பு. இவர்களுக்கான ஃபீஸும் என் ஃபீஸுக்குள்தான் இருக்கிறது.

அப்படி நான் அமர்த்திய ஒருவர்மேல், அவர் இல்லாத கூட்டத்தில், என் தவறைத் தூக்கிப் போட்டேன். தவறு என்னுடையது என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அதை எழுதி வைக்கவே இந்தக் கட்டுரை.

கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் வகுத்திருக்கும் நடைமுறைப்படி, முழுச் சேவை தருகிறேன் என்று ஒரு ஆர்க்கிடெக்ட் ஒப்புக்கொண்டால் ஸ்ட்ரக்சர், குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றின் வடிவமைப்பும் அதற்குள் அடங்கும். எல்லாம் ஒரே ஆளுக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆகவே அந்தந்தத் துறைக்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறோம். ஏற்பாடு சரியானதுதான். உரிமையாளருக்கும் பேச ஒரே ஆள் போதும். சிக்கல் எங்கே என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே அதன்மேல் உரிமை உண்டு. சப்-கன்சல்டன்ட் தன் பாக்கியை உரிமையாளரிடம் போய்க் கேட்க முடியாது. உரிமையாளரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கும் வழக்கமில்லை. நடுவில் நிற்கும் என் வழியாகத்தான் பணம் கீழே போகும், தகவலும் போகும். நான் அடைத்துக்கொண்டால் இரண்டும் நின்றுவிடும்.

நான் அடைத்துக்கொண்டேன். அது ஒருநாள் செய்த காரியம் இல்லை. பல வருடப் பழக்கம்.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சப்-கன்சல்டன்ட்களில் பெரும்பாலானவர்களுக்கு நான் ஒர்க் ஆர்டர் கொடுத்ததில்லை. போனில் ஒரு தொகை பேசுவோம். "கிளையன்ட்கிட்டேர்ந்து வந்ததும் தந்துடறேன்" என்பதுதான் ஒப்பந்தம். கிளையன்ட் தந்த பிறகும் எல்லா நேரமும் தந்ததில்லை. அலுவலகச் சம்பளம், வாடகை, பிளாட்டர் பழுது, இவையெல்லாம் முதலில் போகும். மிச்சம் இருந்தால் அவர்களுக்கு. அவர்கள் பில் போட்டுவிட்டால், ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அந்த மாத வரியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். என்னிடமிருந்து ஒரு ரூபாய் வராத பில்லுக்கு அவர்கள் தங்கள் கையிலிருந்து 18 சதவீதம் அரசுக்குக் கட்டினார்கள். அவர்கள் கட்டிய அந்த வரியை நான் என் கணக்கில் வரவாக எடுத்துக்கொண்டேன். 180 நாளுக்குள் பில் தொகையைக் கொடுக்காவிட்டால் அந்த வரவைத் திருப்பிவிட வேண்டும் என்பது சட்டம். அதைக்கூட என் கணக்காளர் நினைவூட்டித்தான் செய்தேன்.

இங்கிலாந்தில் 1996-இல் வந்த கட்டுமானச் சட்டம், ‘மேலே வந்தால்தான் கீழே தருவேன்’ என்ற நிபந்தனை செல்லாது என்று சொல்லிவிட்டது. மேலே இருப்பவர் திவாலானால் மட்டும் விலக்கு. வடிவமைப்பு வேலைக்கும் அது பொருந்தும். நம் நாட்டில் அந்த நிபந்தனையை நேராகத் தடுக்கும் சட்டம் என் கண்ணில் படவில்லை என்று நான் சாக்குச் சொல்லவும் முடியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் எந்தக் கெடு பேசினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. என் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் லெட்டர்ஹெட்டில் அந்தப் பதிவுக்கான உத்யம் எண் அச்சாகியிருந்தது. நான் அதைப் பார்த்ததுண்டு. பார்த்தும், அவர் கேட்க மாட்டார் என்று நம்பியிருந்தேன். கேட்டால் அடுத்த வேலை வராது என்ற பயம் அவர்களுக்கு இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தின் மேல்தான் என் அலுவலகம் பல மாதங்கள் ஓடியது.

இனி அந்தப் பள்ளிக்கூடம்.

தென்மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். சுற்றிலும் கரிசல் காடு. ஒரு அறக்கட்டளை அங்கே பள்ளி கட்ட முன்வந்து என்னை அமர்த்தியது. முன்பணம் கொடுத்தார்கள், அதில் மண் பரிசோதனைக்கான தொகையும் அடக்கம். பரிசோதனை செய்தவர் சிறிய ஆய்வுக்கூடம் நடத்தும் ஒரு அம்மையார், கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்தவர். ஒருநாள் ஏதோ வேலையாக அவர் கூடத்துக்குப் போயிருந்தபோது அந்த நிலத்தின் மண்ணை எனக்குக் காட்டினார். மேஜையில் அளவு கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இரண்டிலும் பத்துப் பத்து கிராம் காய்ந்த மண் தூள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி 24 மணி நேரம் வைத்திருந்தார். மண்ணெண்ணெயில் கரிசல் ஊதாது. போட்டபடி அடியில் படிந்து கிடந்தது. தண்ணீர்க் குழாயில் அதே பத்து கிராம் மண், ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கு எழும்பி நின்றது.

"சார், மேல மூணு மீட்டரும் இப்படித்தான் இருக்கு. மெயின் பில்டிங் ஃபுட்டிங் கீழ பாறைக்குப் போயிடும், அதுக்குப் பயமில்ல. ஆனா டாய்லெட், ஷெட்டு மாதிரி லைட்டா எதையாவது மேலாக்க வெச்சுடாதீங்க. மண்ணு தூக்கிடும். வெக்கறதா இருந்தா அண்டர்-ரீம்டு பைல்தான்" என்றார்.

கரிசலில் கனமான கட்டடத்தைவிட லேசான கட்டடத்துக்குத்தான் ஆபத்து அதிகம். மழையில் ஊதும் மண்ணை அமுக்கி வைக்கும் எடை அதற்கு இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் ஈரம் அதிகம் மாறாத ஆழம் சுமார் மூன்றரை மீட்டரில் கிடைக்கும். அதுவரை துளையிட்டு, அடியில் தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழ் மாதிரி விரித்துக் கான்கிரீட் போடுவது அண்டர்-ரீம்டு பைல். மேலே சுவரைத் தாங்க வரும் பிளின்த் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும், மண் எழும்பினால் பீமைத் தொடாமல் இருக்க. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. இந்தியத் தரநிலைகளில் இதற்குத் தனிப் பகுதியே இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மையார் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லியிருந்தால் போதும்.

அவருக்கு நான் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தேன். அறக்கட்டளை தந்த மீதியைச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டேன். "ரிப்போர்ட் ரெடியா இருக்கு சார், பாக்கி வந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மண்ணின் தாங்குதிறன் அட்டவணை ஒன்றை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த ஒரு பக்கத்தை நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் தள்ளிவிட்டேன்.

அவர் கல்லூரியில் எனக்குப் பல வருடம் சீனியர். என்னைத் தம்பி என்பார். என் முதல் வேலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். மெயின் பிளாக்குக்கு அந்த அட்டவணை போதுமானதாக இருந்தது. கரிசலுக்குக் கீழே பாறைமேல் ஃபுட்டிங் வைத்தார். அந்தக் கட்டடம் இன்றும் கீறலில்லாமல் நிற்கிறது.

கட்டடம் பாதி எழும்பிய பிறகு, பிள்ளைகள் சாப்பிட ஒரு கூடம் வேண்டும் என்றார்கள். ஒரே தளம், மேலே ஷீட் கூரை. ஜூனில் பள்ளி திறக்குமுன் முடிய வேண்டும். அவரைக் கூப்பிட்டு, "சின்ன வேலைண்ணே, பழைய ஃபீஸ்லயே பண்ணிடுங்க" என்றேன். ஒப்புக்கொண்டார். மறுநாள் மெயில் வந்தது: மேல்மண் ஊதும் தன்மை பற்றி ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது, முழு ரிப்போர்ட் அனுப்பவும், முடிந்தால் ஒருமுறை சைட் பார்க்க ஏற்பாடு செய்யவும். நான் பதில் எழுதினேன்: பிரச்சினை இல்லை, அட்டவணையில் ஒன்றரை மீட்டருக்குப் போட்டிருக்கும் தாங்குதிறனை வைத்து டிசைன் செய்யவும், நாளைக்குள் டிராயிங் வேண்டும்.

தாங்குதிறன் என்பது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான எண். அந்த மண் எவ்வளவு தூக்கும் என்பதை அது சொல்லாது. எனக்கு அது தெரியும். ‘பிரச்சினை இல்லை’ என்று தட்டும்போது அந்தக் கண்ணாடிக் குழாய் என் நினைவில் இருந்தது. முழு ரிப்போர்ட் வேண்டுமென்றால் பாக்கியைக் கொடுக்க வேண்டும். பைல் என்றால் செலவு கூடும், நாளும் ஆகும். ஏன் என்று அறக்கட்டளை கேட்கும். மண் ரிப்போர்ட்டை இன்னும் வாங்கவே இல்லை என்று அவர்களிடம் சொல்ல வேண்டிவரும். கோடை வேறு, மண் காய்ந்து கல்லாக இருந்தது. சின்னக் கூடம்தானே, ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டினேன். சைட் பார்க்க அவரை அழைத்துப் போகவும் இல்லை. அதற்குப் போக்குவரத்துச் செலவை யார் தருவது என்று எங்களுக்குள் பேசியதே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஷீட் கூரையின் தண்ணீர் முழுக்கச் சுவரோரமாகவே இறங்கியது. முதலில் சமையலறைக் கதவு சாத்த முடியாமல் போயிற்று. பிறகு ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை சாய்வாக ஒரு வெடிப்பு. உள்ளே விரல் போகும். பிளின்த் பீமை மண் கீழிருந்து முட்டித் தூக்கியிருந்தது. தரை நடுவில் மேடிட்டு டைல்ஸ் கிளம்பிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. கூடத்தைப் பூட்டினார்கள். பிள்ளைகள் வகுப்பறையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார்கள்.

கூட்டம் அறக்கட்டளைச் செயலாளரின் அறையில் நடந்தது. கான்ட்ராக்டர், பள்ளி நிர்வாகிகள், அவர்களுக்கு ஆலோசகராக இருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், நான். அந்தப் பொதுப்பணித் துறைப் பெரியவர் கேட்டார், "கரிசல் மண்ணுல அஞ்சடியில ஃபுட்டிங் போட்டது யாருங்க?"

"ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்ங்க. ஃபவுண்டேஷன் டிசைன் நாங்க பண்றதில்ல" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் அதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றார் பெரியவர். "வேண்டாங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். அவர் வந்திருந்தால் அந்த மெயிலைக் காட்டியிருப்பார். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

மினிட்ஸ் எழுதினார்கள். அந்தத் திட்டத்தின் எந்தக் காகிதத்திலும் அதுவரை இல்லாத அவர் பெயர், முதல்முறையாக அதில் ஏறியது: அடித்தளம் தவறாக வடிவமைத்தவர், இனி நம் வேலைகளுக்கு வேண்டாம். அறக்கட்டளைக்காரர்கள் நாலு பேரிடம் பேசுகிறவர்கள். செய்தி மற்ற நிர்வாகங்களுக்கும் போனது. எனக்கு வர வேண்டிய கடைசித் தவணையை அவர்கள் நிறுத்தினார்கள். அதைக் காரணம் காட்டி அவருக்குத் தர வேண்டியதை நான் நிறுத்தினேன். மெயின் பிளாக்குக்கான பாக்கியும் அதில் அடக்கம்.

சில வாரம் கழித்துப் போன் செய்தார். "தம்பி, ஏதோ மினிட்ஸ்ல எம் பேரு வந்திருக்காமே?"

"அது சும்மா ஃபார்மாலிட்டிண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. என் மெயில் அவரிடம் இருந்தது. ஒருமுறை அனுப்பியிருந்தால் போதும், என் பெயர் கெட்டிருக்கும். அவர் யாருக்கும் அனுப்பவில்லை.

இத்தனைக்கும் நான் கல்லூரிகளில் வகுப்பெடுக்கிறவன். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாத் ரீஜன்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் அறுந்து 114 பேர் இறந்த கதையை மாணவர்களுக்கு வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறேன். மேல்பாலத்தையும் கீழ்ப்பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்தது. கம்பியை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல்பால இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றம், தயாரித்தவர்களுக்கும் ஆர்க்கிடெக்டிடம் சப்-கன்சல்டன்டாக இருந்த ஸ்ட்ரக்சுரல் நிறுவனத்துக்கும் நடுவில் சரியான கணக்குச் சரிபார்ப்பு இல்லாமலே கடந்துபோனது. பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள். ஒரு தகவல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஒழுங்காகப் போகாததுதான் அத்தனை உயிரைக் குடித்தது என்று வகுப்பில் சொல்வேன். 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு, மண் பரிசோதனையின் அவசியம் பற்றிக் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அந்தப் பேச்சையெல்லாம் பேசிய வாய்தான் ‘பிரச்சினை இல்லை’ என்றது.

என் தரப்பில் சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. கிளையன்ட்கள் எங்களை மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். போட்டியில் ஃபீஸைக் குறைத்துக் குறைத்து, சப்-கன்சல்டன்டுக்குக் கொடுத்த பிறகு கையில் நிற்பது சொற்பம். தாமதத்துக்கு இது ஓரளவு விளக்கம். ஆனால் அந்த அம்மையார் வாயால் சொன்னதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு ஒரு போனில் சொல்ல எனக்கு எந்தச் செலவும் ஆகியிருக்காது. அங்கே என் வாதம் அத்தனையும் உடைந்துவிடுகிறது.

பெயர் விஷயத்திலும் நான் யோக்கியன் இல்லை. டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-இல் எழும்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்றால் ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவல் என்போம். அந்தக் கான்கிரீட் பின்னலைக் கணக்கிட்டு நிற்க வைத்த மகேந்திர ராஜ் பெயர் பொறியாளர்களுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. 2017-இல் அதை இடித்தபோது நானும் வருந்தி எழுதினேன். ஒரு பெயரைத்தான் எழுதினேன். என் அலுவலக விளம்பரப் புத்தகத்தில் எங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள் பெயரைப் போடாததற்கு, போட்டியாளர்கள் அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று காரணம் சொல்வேன். கிளையன்ட் அவர்களிடம் நேரடியாகப் பேசிவிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

அந்தப் பள்ளி விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், என் மனசாட்சி தானாக விழித்து வரவில்லை. சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தத் தொகையைக் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரித் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆடிட்டர், உத்யம் பதிவுள்ளவர்களுக்கு நான் தர வேண்டிய பாக்கிப் பட்டியலைக் கேட்டார். பட்டியலை எடுத்தபோது புது பாக்கிகளுக்கு அடியில் பழைய பாக்கிகளும் வந்தன. அந்த அம்மையாரின் பெயருக்கு நேரே, அந்தக் கையெழுத்திடப்படாத ரிப்போர்ட்டின் மீதித் தொகை அப்படியே நின்றது. அதற்குக் கீழே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது. வரிச் சட்டம் துரத்தியிருக்காவிட்டால் நான் அந்தப் பட்டியலைத் திறந்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இருவருக்கும் அசலும் வட்டியும் கொடுத்துவிட்டேன். அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதினேன்: அடித்தளத் தவறுக்குக் காரணம் நான், மண் ஊதும் என்ற தகவல் எனக்குத் தெரிந்திருந்தது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்து மூலம் கேட்டும் நான் தரவில்லை, மினிட்ஸைத் திருத்த வேண்டும். என் மெயிலையும் அவர் மெயிலையும் இணைத்தேன். மழைநீர் வடிகாலும் சுற்றுத் தளமும் அமைத்துக் கூடத்தைச் சீர்படுத்தும் செலவில் என் பங்கை ஏற்றுக்கொண்டேன். அவர் வீட்டுக்கே போய் நகலைக் கொடுத்தேன். படித்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி. ரெண்டு காலேஜ் வேல போயிடுச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள். அந்த இரண்டு வேலைகளை என்னால் திருப்பித் தர முடியாது.

இப்போது என் எல்லா சப்-கன்சல்டன்டுக்கும் எழுத்தில் ஒர்க் ஆர்டர் இருக்கிறது. ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் இதற்கென்றே தனி மாதிரி ஒப்பந்தம் வெளியிட்டிருக்கிறது. அதை எங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். என்ன வேலை, எத்தனை முறை சைட், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், என்ன தகவலை நான் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மண் பரிசோதனைக்குக் கிளையன்ட் நேராக ஆய்வுக்கூடத்துக்கே பணம் கட்டட்டும் என்று வைத்துவிட்டேன். ரிப்போர்ட் ஒரே மெயிலில் கிளையன்டுக்கும் எனக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கும் வருகிறது. அதை நிறுத்திவைக்க இப்போது என்னால் முடியாது. என்னை நம்பி விடக்கூடாத இடம் அது என்பதால் இப்படிச் செய்தேன்.

வீடோ பள்ளியோ கட்டப்போகும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆர்க்கிடெக்ட் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், மண் பரிசோதனை செய்தவர் யார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யார் என்று பெயர் கேளுங்கள். அவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள்; அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அது உங்கள் பணம். முழு மண் ரிப்போர்ட்டைக் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். அடித்தளம் பற்றிப் பேசும் நாளில் அந்த இருவரையும் உங்கள் எதிரில் உட்கார வையுங்கள். அவர்கள் வராமல் வானம் தோண்ட ஆள் விடாதீர்கள்.